நான் வெட்டிய ஐந்தாம் ஷரத்து

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் இதை வெளியே சொல்ல நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று. பேச்சில் குறையே கிடையாது. ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்கு வரும். ஆனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் இந்தியும். பஸ் போர்டு மட்டும் படிப்பேன் (படிப்பதாவது, மண்ணாவது. ஜாடை பார்த்து ஏறிவிடுவேன்).

இதில் கொடுமை என்னவென்றால், ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் இருக்கும் கம்பெனியில் என் உத்தியோகமே ஒப்பந்தங்களைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதுதான். ஆங்கில ஒப்பந்தம் என்றால் காற்புள்ளியைக்கூட விடமாட்டேன். அந்தத் திமிரோடுதான் கரமனையில் இருந்த எங்கள் வீட்டை விற்கக் கிளம்பினேன். ஆபீஸ் பக்கத்தில் ஃபிளாட் பார்த்தாயிற்று. அதில் மாடுலர் கிச்சன் போடுவதற்கு என் மனைவி மீனா நோட்டுப்புத்தகத்தில் படம் வரைந்து, அரிசி டப்பாவுக்குக்கூட இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

புரோக்கர் சுரேந்திரனின் ஆபீஸ் பழவங்காடியில், ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில். மரியாதையான மனுஷர். வீட்டை விற்றுத் தருவதற்கான மூன்று பக்க மலையாள ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்து, "சார் நிதானமா வாசிச்சிட்டு ஒப்பிட்டா மதி" என்றார். கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

வீட்டுக்கு எடுத்துப்போய் மீனாவிடம் காட்டியிருக்கலாம். அவள் மலையாளம் மீடியத்தில் படித்தவள். சுரேந்திரனையே வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். விற்கிறவனுக்கு அதற்கெல்லாம் முழு உரிமை உண்டு. ஆனால் நான்தான் ஒப்பந்த நிபுணனாயிற்றே! ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று மனசுக்குள் கணக்கு வைத்து, முகத்தைச் சுளித்து, பக்கங்களைப் புரட்டினேன். ஒன்றுமே சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடாதா? எண்கள் மட்டும் புரிந்தன. ஐந்து என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது எனக்குச் சரிப்படாது. எடுத்துடுங்க" என்றேன்.

சுரேந்திரன் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சாரே, அஞ்சாவது வேண்டாம்னு உறப்பாணோ?" என்றார் (நிச்சயம்தானா என்கிறார்). நான் ஒரு புன்னகை பூத்தேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் பூத்தேன். ஸ்கேல் வைத்து வெட்டினார். ஓரத்தில் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டோம். ராஜா மாதிரி படியிறங்கினேன்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு லீலா டீச்சர் வந்தார். தங்கைக்கு எங்கள் வீட்டையே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலையும் ஒத்துவந்தது. மீனாவுக்கு வாயெல்லாம் பல். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் பிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் அவள் முகம் மாறியது.

ஒரு வருஷத்துக்குள் யார் ஆளைக் கொண்டுவந்தாலும் சுரேந்திரனுக்குக் கமிஷன் உண்டு என்றது நாலாவது. அக்கம்பக்கத்தார், உறவினர், வீட்டுக்காரருக்கு முன்பே தெரிந்தவர்கள் வாங்கினால் மட்டும் கமிஷன் கிடையாது என்றது ஐந்தாவது. மூன்று பக்கத்திலும் எனக்குச் சாதகமாக இருந்த ஒரே சமாச்சாரம் அதுதான்.

"இதை யார் வெட்டினா?"

"நான்தான்."

"படிச்சுப் பாத்தேளா?"

மீனா கிச்சன் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுரேந்திரனின் கமிஷன் என்பது அந்த நோட்டில் இருந்த அத்தனை அலமாரியும்தான். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த நோட்டைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

"தெரியுமே. மலையாளத்துல அடிச்ச கல்யாணப் பத்திரிகையிலேயே என் பேரைத் தடவித் தடவித்தானே கண்டுபிடிச்சேள்" என்றாள்.

மறுநாள் இருவரும் பழவங்காடிக்குப் போனோம். மீனாதான் பேசினாள். சுரேந்திரன் சிரிக்காமல் கேட்டதற்கு அவருக்குக் கோயில் கட்டலாம். அந்த ஷரத்தை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அவரே சேர்த்துத்தான் எழுதுவாராம். இதுவரை யாரும் வெட்டச் சொன்னதில்லையாம். "சார் வலிய ஆளல்லே? ஏதோ காரியம் உண்டாவும்னு நினைச்சேன்" என்றார் (வலிய ஆள் என்றால் பெரிய ஆள், நான்தான்).

மறுபடி எழுதித் தரத் தயாராக இருந்தார். மீனா அதோடு விடவில்லை. ஒரு வருஷம் எதற்கு, மூன்று மாசம் போதும் என்றாள். நடுவில் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவர் இரண்டுக்கும் சம்மதித்தார். அவர் பக்கமிருந்து ஒரே ஒரு நிபந்தனைதான்: ஐந்தாவது ஷரத்தை சார் உரக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மீனா காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். "வாசிங்கோ."

நாலு வரி. கால் மணி நேரம். ஒவ்வொரு எழுத்தாக மீனா சொல்லித் தந்தாள், கூட்டெழுத்து வந்த இடத்திலெல்லாம் சுரேந்திரன் எடுத்துக் கொடுத்தார். கீழே பாத்திரக்கடையில் பேரம் நின்றுபோய், இரண்டு பேர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். முடித்தபோது மீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில்தான்.

கிச்சன் வந்துவிட்டது. அரிசி டப்பா அலமாரியின் கதவுக்கு உள்பக்கம், நான் வெட்டிய பக்கத்தை மீனா ஒட்டி வைத்திருக்கிறாள். நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என் சுருக்கொப்பம் என்னைப் பார்க்கிறது.

நேற்றுகூட கூரியர்காரர் வந்து கையெழுத்துக் கேட்டார். பேனாவை வாங்கியதுதான் தாமதம், உள்ளேயிருந்து என் பெண் குரல் கொடுத்தாள்: "அப்பா, ஒரு வரியை வெட்டிட்டுப் போடுப்பா."