பால் லொறியும் என் சிவப்புக் கைப்பையும்

படித்தவர்களுக்கெல்லாம் தலைக்கனம் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இருந்தது. எங்கள் வீட்டில் முழுதாகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தொழில்நுட்பம் படித்த முதல் ஆளும் நான். அதையே பாடசாலையில் கற்பிக்கப் போன முதல் ஆளும் நான். (எதற்கும் முதல் ஆளாக நிற்க எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை.)

அந்தச் சனிக்கிழமை புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. அப்பாவின் லொறியில் தொற்றிக்கொள்ளலாம் என்று பால் ஸ்டோருக்கு இறங்கினேன். தோட்டத்தில் வெட்டிய றப்பர் பாலை ஃபெக்டரிக்குக் கொண்டுபோகும் பழைய லொறி அது. அப்பா அதற்கு டிரைவராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவும் தற்காலிகமாகத்தான். பால் உறையாமல் போய்ச் சேர்ந்தால் வேலை நிலைக்கும். தாங்கிக்குள் உறைந்துவிட்டால் அதைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். அப்பாவும் பழையபடி பால்வெட்டுக்கே திரும்பவேண்டும்.

முதல் சம்பளத்தில் வாங்கிய சிவப்புக் கைப்பை என் தோளில் தொங்கியது. உள்ளே இரண்டு தடித்த புத்தகங்கள், ஒரு தண்ணீர்ப் போத்தல், குடை. லொறியின் சீட்டெல்லாம் பிசுபிசு. கீழே வைப்பதென்றால் அதைவிட மோசம். டேஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டிய இடத்தில் பையை மாட்டிவிட்டு, சல்வாரை இழுத்துவிட்டுக்கொண்டு மகாராணிபோல உட்கார்ந்தேன்.

அப்பா சாவியைத் திருப்பினார். கிர்ர்ர், கிர்ர்ர் என்றது. அவ்வளவுதான்.

"இப்பதானே நல்லா ஓடிச்சி?" என்றார் அப்பா.

நான் கையை உயர்த்தினேன். "யாரும் தொடாதீங்க. முறையா பாக்கணும்."

பால் ஊற்றிவிட்டு வாளி கழுவிக்கொண்டிருந்த செல்லம்மா அக்கா நிமிர்ந்தார். "முறையா பாரு புள்ள. அதுக்குள்ள பால் முறையா ஒறஞ்சிரும்."

இந்த மாதிரி லொறியில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் நிற்காது. நிறுத்துவதற்கென்று டேஷ்போர்டில் ஒரு கறுப்புப் பிடி உண்டு. அதை வெளியே இழுத்தால் டீசல் அடைபடும். எனக்கு அது தெரியும். ஆகவே முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா, நிப்பாட்டுற பிடிய உள்ள தள்ளினீங்களா?"

"நீ ஏறுறதுக்கு முன்னயே தள்ளிட்டேன் மக."

சரி, அது முடிந்தது. ஹோர்ன் அடித்துப் பார்த்தேன். பக்கத்து மலை வரைக்கும் கேட்டது. பெட்டரியில் குறையில்லை. தாங்கியில் டீசல் இருந்தது.

"பிளக்க கழட்டித் தொடச்சிப் பாரேன்" என்றார் செல்லம்மா அக்கா.

"அக்கா, டீசல் இஞ்சினுக்கு அந்தப் பிளக்கே கெடையாது. சூடான காத்துல டீசல் தானா பத்திக்கும்." வெயிலில் நின்றுகொண்டு அவருக்கு முழுப் பாடமே நடத்தினேன். (அவர் கேட்கவில்லை. வாளியைத்தான் கழுவினார்.)

டீசல் பில்டரின் ஆணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். டீசல் பீய்ச்சியடித்து என் சல்வாரில் இலங்கை வரைபடத்தை வரைந்தது. இறங்கித் தள்ளிப் பார்ப்போம் என்று எல்லோரும் சேர்ந்து சரிவில் தள்ளினோம். லொறி உருண்டது, இஞ்சின் மட்டும் எழவில்லை.

மேற்பார்வைக்கு நின்ற பண்டார மாத்தயா பால் தாங்கியின் மூடியைத் திறந்து, சிங்களத்தில் "துவே, கிரி மிதெனவா!" என்றார். (மகளே, பால் உறையுது என்கிறார். அமோனியா ஊற்றியும் ஓரங்களில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.) அப்பா ஸ்டியரிங்கை மட்டும் தடவிக்கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு நான் தோற்பதாக இல்லை.

"புகையே வரல. அப்படின்னா இஞ்சினுக்கு டீசல் போகல. பில்டர் வரைக்கும் வருது, பம்புலதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னேன். "டவுன்ல பம்ப் பாக்குறவரக் கூட்டிட்டு வாறேன்." பையை எடுத்துக்கொண்டு, த்ரீவீலர் நிற்கும் சந்தியை நோக்கி ஓடினேன்.

வளைவுக்குக்கூடப் போகவில்லை. பின்னால் டுர்ர்ர் என்று ஒரு முழக்கம். அப்பா சும்மா ஒருதடவை சாவியைத் திருப்பியிருக்கிறார், லொறி பற்றிக்கொண்டது. திரும்பி ஓடிவந்து ஏறினேன், பையை மாட்டினேன், "பாத்தீங்களா, காத்து வெளியேற நேரம் எடுத்திருக்கு" என்றேன். இஞ்சின் பொக்கென்று அணைந்தது.

செல்லம்மா அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"எறங்கு புள்ள" என்றார் செல்லம்மா அக்கா. "நீ ஏறினா நிக்குது, எறங்கினா ஓடுது. ஒனக்கு லொறி ராசி இல்ல."

ராசியா? தொழில்நுட்ப ஆசிரியைக்கா? வெறி வந்துவிட்டது. பையோடு இறங்கினேன். அப்பா சாவியைத் திருப்ப, லொறி ஓடியது. பையைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் ஓடியது. என்மேல் பிழையில்லை! பண்டார மாத்தயா பையை எடுத்து நீட்டினார். வாங்கி மாட்டப் போன இடத்தில்தான் முதல்முறையாக என் கண் விழுந்தது. கறுப்புப் பிடி. அதன் கழுத்தில் என் பையின் வார் தேய்த்த தடம்.

பையை எடுத்தால், பாதி மட்டும் வெளியே வந்திருந்த பிடியை ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். மாட்டினால் என் புத்தகங்களின் கனம் அதை வெளியே இழுக்கும்.

ராசியில்லாதவள் என்ற பெயரா, முட்டாள் என்ற பெயரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு கணம்தான் இருந்தது. எல்லோரும் பார்க்க, பையை மாட்டினேன். பொக். எடுத்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். டுர்ர்ர்.

செல்லம்மா அக்கா யோசித்துச் சொன்னார்: "அப்ப ராசி இல்லாதது பேக்குக்குத்தான்."

அப்பா சிரித்த சிரிப்பில் லொறி கியர் மாறாமலே குலுங்கியது. ஃபெக்டரியில் பால் பொறுப்பெடுப்பவர் மூடியைத் திறந்து கோலால் கலக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போயிருந்தா பந்து வெளையாடியிருக்கலாம்" என்றார். ஆனால் பால் ஓடியது. அப்பாவின் வேலையும் நிலைத்தது. அடுத்த வாரமே இடப்பக்கக் கதவில் பெரிய ஆணி ஒன்றை அடித்து, "டீச்சரம்மாவுக்கு" என்றார்.

இப்போது எங்கள் லயத்து வீடுகளில் எது நின்றாலும், கரண்ட் போனாலும், டிவி அணைந்தாலும், "டீச்சர் பேக்க எடுங்க!" என்றுதான் குரல் வரும். போன வருஷம் என் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு காரில் ஏறியதும் கார் ஒருதரம் இருமியது. கூட்டத்திலிருந்து செல்லம்மா அக்காவின் குரல்: "பொண்ணோட பேக் எங்க? மொதல்ல அதப் பாருங்க!"

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பை என் மடியில்தான் இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.