பழைய பிரௌசரில் தெரிந்த பெண்

வெப்சைட் செய்கிற இன்றைய பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தடவை எழுதுகிறார்கள். அது போனில், கம்ப்யூட்டரில், டிவியில் எல்லாம் ஒழுங்காக வந்து நிற்கிறது. அப்படியும் "ஸ்ட்ரெஸ் மேம்" என்கிறார்கள். தொண்ணூற்றொன்பதில், தி. நகரில் ஒரு பாத்திரக் கடை மாடியில் உட்கார்ந்து நான் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால் இவர்கள் சந்நியாசம் வாங்கியிருப்பார்கள். (நான் வாங்கவில்லை. என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அந்த மானக்கேட்டைத்தான் சொல்ல வந்தேன்.)

முதலாளி ரஹ்மத் பாய், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். "இனிமே பத்திரிகையெல்லாம் இன்டர்நெட்டுலதான்" என்று யாரோ பயமுறுத்திவிட, அந்தப் பயத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஒன்றில் நான், மற்றொன்றில் ஹேமா. நான் அடையாறு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் பெண். ரைட் சொல்லும் குரல் எனக்கும் வாய்த்திருந்தது. அவள் மந்தைவெளி. பூனை குறுக்கே வந்தால் பூனைக்கு வழிவிட்டு நிற்பாள். அவள் படங்களைத் திருத்துவாள், நான் பக்கங்களை எழுதுவேன். மதியம் அவள் தயிர்சாதத்துக்கு என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு மட்டும் எடுத்துக்கொள்வாள்.

ஹேமாவுக்கு மூல நட்சத்திரம். மூல நட்சத்திரப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, நேரில் பார்த்தால் நாலு கேட்பேன். வந்த வரன் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் ஓடியது. ஓடிய அப்பாக்களில் பாதிப் பேர் இரண்டு மாடி ஏறினால் மூச்சுவாங்கும் ஆட்கள். அதற்கு ஹேமா என்ன செய்வாள்?

அந்த வருடம் அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மார்கழிக்குள் ஒன்றும் அமையாவிட்டால், திருச்சியில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்துவிடுவதாக. அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். இதை ஹேமா என்னிடம் ஒரு படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மணி மாமா வந்தார். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் கல்யாணத் தகவல் நிலையம் வைத்திருந்தவர். டிசம்பர் லீவில் அமெரிக்காவிலிருந்து பையன்கள் வருவார்கள், வந்த வேகத்தில் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, திரும்பிப் போய்விடுவார்கள். அங்கே இருக்கும்போதே பெண்களைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு ஒரு வெப்சைட் வேண்டும். ஹேமாவின் விவரத்தையும் அதில் போடச் சொன்னேன். "மூலமா?" என்று இழுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். போடச் சொல்லிவிட்டார்.

அப்போது உலகத்தில் முக்கியமாக இரண்டு பிரௌசர்கள். ஒன்று பழையது, இன்னொன்று புதியது. பெயர் சொல்ல மாட்டேன், செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று அம்மா சொல்வாள். ஒரே பக்கத்தை இரண்டும் இரண்டு விதமாகக் காட்டும். புதியதில் பெண்ணின் படம் இடதுபக்கம், விவரம் வலதுபக்கம் என்று கோலம் போட்ட மாதிரி நிற்கும். பழையதில் திறந்தால் படங்கள் சரிந்து இறங்கி, ஒருத்தியின் முகம் அடுத்தவளின் கோத்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பழையதைச் சரிசெய்தால் புதியது கோபித்துக்கொண்டு பாதிப் பக்கத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். இரண்டு பெண்டாட்டிக்காரன் பிழைப்பு.

ரஹ்மத் பாய் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

"ஏம்மா விஜி, அச்சுல எழுத்தை ஒருவாட்டி கோத்தா கோத்ததுதான். ஆயிரம் ஊட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரி கீது. இது இன்னாம்மா, ஆளுக்கு ஒரு மாதிரி காட்டுது?"

"அது பிரௌசரோட கோளாறு பாய்."

"அப்போ பிரௌசரை மாத்து."

"உலகத்துல இருக்கற எல்லாரோடதையுமா பாய்?"

"சரி சரி, கத்தாதே. கீழ பாத்திரக் கடைக்குக் கேக்குது."

கடைசியில் ஒரு தந்திரம் கிடைத்தது. பக்கத்தின் அலங்காரத்தை இரண்டு ஃபைலாகப் பிரிக்க வேண்டும். முதலாவதில் பழையவனுக்கும் புரிகிற எளிய விஷயங்கள். இரண்டாவதைப் பழையவனுக்குப் புரியாத ஒரு விதத்தில் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு ஃபைல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. புதியவன் மட்டும் படித்துக்கொள்வான். இருவரும் சண்டை போடாமல் பக்கத்தைக் காட்டினார்கள். நான் அன்று மேஜையைத் தட்டிய தட்டில் டீ கொட்டியது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதித்துப் பார்க்க, நீளமான விவரங்களோடு ஒரு போலிப் பெண் தேவைப்பட்டாள். ஹேமாவின் விவரத்தையே நகல் எடுத்து எல்லாருக்கும் மேலே வைத்தேன். நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் அவளுடையது. பெயரும் போன் நம்பரும் என்னுடையது. படம், பஸ் பாஸுக்கு எடுத்த என் படம். (அதில் நான் போட்டோகிராஃபரை முறைத்துக்கொண்டிருப்பேன்.) பக்கம் நீளவேண்டும் என்பதற்காக, 'எதிர்பார்ப்பு' என்ற இடத்தில் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். "சம்பளம் முக்கியமில்லை. வாயை மூடத் தெரிந்தால் போதும். எனக்குச் சமைக்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும். காப்பி கேட்டால் டம்ளர் பறக்கும்." இப்படி ஒரு முழம்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணை அழித்துத் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் மாமா நாளைக்கே இன்னும் பத்துப் பெண்களோடு வந்து நிற்பார், மறுபடி சோதிக்க வேண்டுமே என்று அழிக்காமல் 'மறைத்து வை' என்று ஒரு கட்டளை மட்டும் எழுதினேன். மகா புத்திசாலி நான், அந்த வரியை இரண்டாவது ஃபைலில் எழுதினேன்.

அதாவது, பழையவன் படிக்கவே படிக்காத ஃபைலில்.

புதிய பிரௌசரில் பார்த்தேன். போலிப் பெண் மறைந்துவிட்டாள். பழையதிலும் ஒரு முறை பார்த்திருந்தால் கதையே இல்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, மணி மாமா கையில் கற்பூரத்தோடு என் தலைமேல் நிற்கிறார்.

"பழசுலயும் ஒருவாட்டி பாத்துடறேன் மாமா."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். கல்யாணக் காரியத்தை யாராவது ராகுகாலத்துல ஏத்துவாளா? நீ ஏத்து."

இன்டர்நெட்டில் ஏற்றினேன். அவர் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினார். மறுவாரம் புதுவருடக் காலண்டர் வேலை வந்து குவிந்தது. அந்தப் பக்கத்தை நான் மறந்தே போனேன்.

மார்கழி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையில் எண்ணெய், உடம்பில் நைட்டி, கையில் வாளி. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பட்டுப்புடவையில் ஒரு மாமி. பின்னால் கண்ணாடி போட்ட ஒருவன், கையில் பழத்தட்டு.

மாமி என்னைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். "விஜின்றது நீதானே? போட்டோல மொறைச்சுண்டிருந்த மாதிரியே மொறைக்கறே."

"எந்த போட்டோ?"

உள்ளேயிருந்து அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் ஓடிவந்தார். (ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டை! அதைக் காலையிலேயே கவனித்திருக்க வேண்டும்.)

"வாங்க, வாங்க! உக்காருங்க! விஜி, போய் ஒரு நல்ல புடவையா கட்டிக்கினு வா."

"எதுக்குப்பா?"

"உன்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க."

"இதை எப்போ சொல்றது?"

"முன்னாடியே சொன்னா நீ எங்கியாவது ஓடிடுவே."

மாமி மூன்று நாள் முன்பே போன் செய்திருக்கிறாள். அப்பா ஊரெல்லாம் எனக்கு வரன் பார்க்கச் சொல்லி வைத்திருந்ததால், யாரோ அனுப்பிய இடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ("அந்தம்மா பேச்சு ஒரு மாதிரி இருந்திச்சு. மாம்பலத்துக்காரங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு விட்டுட்டேன்" என்று பிறகு சொன்னார்.)

மாமி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூக்கு சுருங்கியது. "என்ன வாசனை இது?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வஞ்சிரம்ங்க! விடியக்காலையில போயி நானே பாத்து வாங்கினு வந்தேன். குழம்பு ஒண்ணு, வறுவல் ஒண்ணு. நீங்க சாப்ட்டுதான் போவணும்."

அதே நேரம் அம்மா தட்டில் சூடான வறுவல் துண்டுகளோடு வந்து மாமியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா பதறிவிட்டார்.

"மீன் ஆவாதா? பரவால்லங்க, தோ, தெருமுனையிலதான் கறிக்கடை!"

"ஸ்ரீதர்!" என்றாள் மாமி முந்தானைக்குள்ளிருந்து. "கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் பாத்துண்டுதானே வந்தோம்? எந்த ஆத்துக்குடா என்னை அழைச்சுண்டு வந்திருக்கே?"

அந்த ஸ்ரீதர் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. வறுவலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "காப்பி கேட்டால் டம்ளர் பறக்கும்னு எழுதினது நீங்கதானே?"

என் கையிலிருந்து வாளி விழுந்தது.

"எந்த கம்ப்யூட்டர்ல பாத்தீங்க?" என்றேன்.

"அமெரிக்காவுல எங்க யுனிவர்சிட்டி லேப்ல. பழைய மெஷின்."

"பிரௌசரும் பழசா?"

"ஆமா. முதல் பொண்ணே நீங்கதான். ரொம்ப நேர்மையா எழுதியிருந்தீங்க. அதான் அம்மாகிட்ட..."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அடையாற்றில் தரைகூட நமக்கு உதவாது. எண்ணெய்த் தலையோடு நடுக்கூடத்தில் நின்று, இரண்டு பிரௌசர், இரண்டு ஃபைல், மறைத்து வைத்த போலிப் பெண், ராகுகாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "டம்ளர் பறக்கும்னா எழுதின? ஊரு உலகமே பாக்கிற இடத்துலயா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாமி மட்டும் நிதானமாகக் கேட்டு முடித்தாள். "அதாவது, நீ மறைச்சதைப் பழசு காட்டிக்கொடுத்துடுத்து. அவ்வளவுதானே?"

இத்தனை வருடத்தில் என் தொழிலை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மாமி எழுந்தாள். "போறது. நாளைக்குப் பெங்களூர்ல ஒரு பொண்ணு பாக்கணும். கிளம்புடா."

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. இவர்கள் வந்தது என் முகத்தை நம்பி அல்ல, ஹேமாவின் ஜாதகத்தை நம்பி. போய்க் கதவை மறித்து நின்றேன்.

"மாமி, அதுல மூலம்னு போட்டிருந்ததைப் பாத்தீங்களா?"

"பாக்காமலா வருவேன்?"

"பாத்துமா வந்தீங்க?"

மாமி என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எங்காத்து மாமா செவுத்துல மாலை போட்டுண்டு போட்டோவா இருக்கார். அவருக்கு இனிமே என்ன ஆகணும்?"

எனக்கு அந்த மாமியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எண்ணெய் தடுத்தது.

"அந்த ஜாதகம் நிஜம் மாமி. என் சிநேகிதியோடது. கோத்திரம், படிப்பு எல்லாம் அவளோடதுதான். மூஞ்சி மட்டும்தான் என்னுது. அவ மூஞ்சி இதைவிட நல்லா இருக்கும். டம்ளரெல்லாம் எறிய மாட்டா."

"எங்கே இருக்கா?"

"மந்தைவெளி."

"ஆட்டோ கூப்பிடு."

நைட்டி மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். மூவரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பட்டுப்புடவையைப் பார்த்தார், பழத்தட்டைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்கவா போய்க்கினு கீறீங்க? வறுவல் வாசன தூக்குதே! பழம் அடியில மீனு எதுனா கீதா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றாள் மாமி. ஸ்ரீதர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டான்.

மந்தைவெளியில் ஹேமாவின் அப்பா கதவைத் திறந்தார். முன்பின் தெரியாத மாமி, முன்பின் தெரியாத பையன், நடுவில் எண்ணெய் வழியும் நான். ஹேமா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி கோலம் இது?" என்றாள். "வாயை மூடிண்டு காப்பி போடுடி" என்று அவள் பாஷையிலேயே கத்தினேன். ஸ்ரீதர் அவளிடம் முதலில் கேட்ட கேள்வி, "நீங்களும் டம்ளர் எறிவீங்களா?" ஹேமா சிரித்தாள். அந்த மார்கழியில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தை மாதம் கல்யாணம். திருச்சிக்கு அல்ல. மணி மாமா வெப்சைட்டால் நடந்த முதல் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், ராகுகாலத்துக்கு முன்னால் ஏற்றச் சொன்னது தான்தான் என்றும் சேர்த்து. பத்திரிகை ரஹ்மத் பாய் அச்சடித்தார். முதல் பிரதியை என் கையில் கொடுத்து, "இது எல்லா ஊட்லயும் ஒரே மாதிரிதான் தெரியும், பாத்துக்க" என்றார். நான் பதில் பேசவில்லை. (என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.)

இப்போதும் ஹேமாவும் ஸ்ரீதரும் டிசம்பரில் வருவார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதர் எங்கள் வீட்டில்தான். அன்று வறுவல் தட்டைப் பார்க்க மட்டும் செய்ததற்கு இன்றுவரை வட்டி வசூலிக்கிறான். ஹேமா வாசல் பக்கம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். ஸ்ரீதர் மாம்பலத்தில் மாமியிடம் "கோவிலுக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டு வருவான். எங்கள் வீட்டில் அதற்கு 'இரண்டாவது ஃபைல்' என்று பெயர். எதையாவது மறைக்க வேண்டுமென்றால் அப்பாகூட "இத ரெண்டாவது ஃபைல்ல போடு" என்பார்.

போன டிசம்பரில் அவன் மூன்றாவது வஞ்சிரத் துண்டில் இருக்கும்போது என் போன் அடித்தது. மாமி.

"விஜி, சௌக்யமா? அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?"

"நல்லா இருக்கார் மாமி."

"ஸ்ரீதர் கோவிலுக்குப் போயிருக்கான்" என்றாள் மாமி. "முள்ளைப் பாத்து எடுத்துட்டுச் சாப்பிடச் சொல்லு."