அர்ச். செபஸ்தியாரும் காம்பஸ் முள்ளும்

இராயபுரம்,
1953 ஜனவரி 8

சேசு மரி சூசை துணை.

மகா கனம் பொருந்திய மாமா சவரிநாதன் அவர்கள் சமுகத்துக்கு மருமகன் யாகப்பன் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நான் நலம் என்றுதான் எழுத வேண்டும். காய்ச்சல் இல்லை, பசியும் இல்லை, பட்டறைக்குப் போய் வருகிறேன். தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து தாங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. சுகிர்தம் காலமாகி ஆறு மாதம் ஆகிவிட்டபடியால், கல்யாணத்தின்போது அவளோடு இங்கே வந்த அர்ச். செபஸ்தியாரின் திரு எலும்பை, அந்த அருளிக்கத்தை, வருகிற இருபதாம் தேதித் திருவிழாவுக்குள் தங்கள் ஊர்க் கோவில் பீடத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். முத்திரை பழுதில்லை என்று இங்குள்ள சாமியாரிடம் காட்டி உறுதிசெய்யவும் எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான், அது தங்கள் குடும்பத்துப் பொருள். ஆனால் மாமா, காலணா அகலப் பித்தளைச் சிமிழ், கண்ணாடிக்குள் கடுகளவு எலும்பு, அவ்வளவுதான் அது. நோயில் கிடந்த நாளெல்லாம் அவள் அதைக் கைக்குள் மூடியே வைத்திருந்தாள். கடைசியில் விரல்களைப் பிரித்து எடுத்தவன் நான். கொடுக்க மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்று ஒரு காரணத்தை எந்தச் சாமியாரும் ஏற்கமாட்டார் என்பதும் தெரியும்.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்து, அனுப்புவதற்காகத் துடைக்கலாமென்று அதை மேசையில் வைத்தேன். மேசையில் ஏற்கெனவே ஓர் இழுவைப்படகின் காம்பஸ் திறந்து கிடந்தது. கப்பல் காம்பஸ் பழுதுபார்ப்பதுதான் என் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதென்று சுகிர்தத்தின் உத்தரவு. ஒருமுறை டிரில் முனை உடைந்து என் கட்டைவிரலில் ஏறி, அவள் தையல் ஊசியால் தோண்டி எடுத்து, என்னைவிட அதிகமாக அழுத நாளிலிருந்து. இப்போது உத்தரவு போட ஆள் இல்லை. சிமிழைக் கிட்டே வைத்தேன், முள் அதன் பக்கம் திரும்பியது. எடுத்தேன், வடக்குக்குப் போனது. வைத்தேன், திரும்பியது. பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை, எலும்புக்கும் இல்லை, நானும் காலையிலிருந்து காபி தவிர வேறெதுவும் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, எனக்குக் குழம்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜெரினாக்கா வாசலிலேயே நின்றுவிட்டது.

"இன்னா தம்பி இது, முள்ளு சலாம் போட்டுகினு கீது?"

"ஒண்ணுமில்லக்கா, காந்தம்..."

"காந்தமா? அது ஒங்க அவுலியா எலும்புன்னு சுகிர்தம் சொல்லிக்கீதே! யா அல்லா!"

அவுலியா என்றால் அவர்கள் பேச்சில் அர்ச்சிஷ்டவர். குழம்பு ஆறுவதற்குள் சந்து முழுக்க என் வீட்டில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலப்பன், மாமு முறை கொண்டாடுகிறவன், கூட்டத்துக்கு வியாக்கியானம் செய்யவே ஆரம்பித்துவிட்டான். "இதுல இன்னா பேஜாரு? செபஸ்தியாரை இன்னாத்தால அடிச்சாங்க? அம்பால. அம்பு மொனை இன்னா? இரும்பு. அது எலும்புல பூந்துகினு கீது. இன்னா மாமு, படிச்ச ஆளு நீ, இதுகூட தெர்லியா?" அப்புறம் கேட்க வேண்டுமா, மாமா? ஒருத்தி பல்வலிக்காரப் பிள்ளையின் கன்னத்தைச் சிமிழில் தேய்க்கிறாள். ஒருவர் காணாமல்போன சேவல் எந்தத் திக்கில் போச்சு என்று முள்ளைக் கேட்கிறார். முள் வேலப்பன் நின்ற பக்கம் காட்டிவிட்டது. "யோவ், செபஸ்தியார் அப்டி சொல்ல மாட்டாருய்யா!" என்று அவன் சுவரோரமாக நழுவ, முள்ளும் கொஞ்சம் ஆட, அவனுக்கும் சேவல்காரருக்கும் கைகலப்பு ஆகாத குறை.

சத்தம் கேட்டுப் பங்குச் சாமியாரே வந்துவிட்டார். வந்ததும் ஒரே அதட்டல். "என்ன கூத்து இது? அருளிக்கமா, குறிசொல்ற கிளியா? வேலப்பா, அவர் அம்பால சாகலை, தெரியுமா? தடியால அடிச்சுக் கொன்னாங்க."

"அப்ப தடிக்குப் பூண் போட்டிருப்பாங்க சாமி. இரும்புப் பூணு."

சாமியார் எல்லாரையும் வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "யாகப்பா, இன்னொரு தடவை காட்டுப்பா" என்றார். காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் பரிசோதனை. சிமிழின் பின்மூடியைத் திறந்தால் சிவப்புப் பட்டுநூல், அதன்மேல் அரக்கு. சாமியார் மூக்குக் கண்ணாடியைத் தன் அறை மேசையில் விட்டு வந்துவிட்டாராம். சிமிழைக் கைநீட்டித் தள்ளியும் கிட்டே இழுத்தும் பார்த்தார். சிமிழோடு தாங்கள் கொடுத்த லத்தீன் அத்தாட்சிப் பத்திரத்தில் பிஷப் மேற்றிராணியாரின் முத்திரை பாதி அழிந்திருப்பதால், அரக்கோடு ஒப்பிட வழியில்லை. "நங்கூரம் மாதிரி தெரியுது. நம்பிக்கையின் அடையாளம். சரிதான்" என்றார். முத்திரை உடைந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பீடத்துல வைக்க முடியாது. வீட்டுல வச்சு செபிக்கலாம், அவ்வளவுதான். இது உடையலை, நீ கொடுத்துடணும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆகையால் மாமா, இனி நான் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை ரயிலில் வேலப்பன் அந்தப் பக்கம் தன் மச்சான் கல்யாணத்துக்கு வருகிறான். சிமிழைப் பத்திரத்தோடு அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கோழி விஷயம் தவிர நம்பகமான ஆள். அத்தைக்கு என் நமஸ்காரம். திருவிழாப் பூசையில் சுகிர்தத்தின் ஆத்துமத்துக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவும். தங்கள் ஆசீர்வாதத்தைக் கோரும்,

மருமகன்
யாகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சிமிழைத் துணியில் சுற்றினேன். சுற்றும்போது, பழக்கதோஷம், வேலை லென்ஸை வைத்து அரக்கைப் பார்த்தேன். நங்கூரம்தான் மாமா. ஆனால் இடதுகை முனை மழுங்கிய நங்கூரம். என் பட்டறைக் கோட்டுப் பித்தளைப் பொத்தானிலும் அதே இடத்தில் அதே மழுங்கல். பொத்தானை அரக்கில் வைத்தேன், அச்சாக உட்கார்ந்தது. நூலை விலக்கி உள்ளே பார்த்தேன். எலும்பு பத்திரமாக இருக்கிறது. அதன் பின்னால், மெழுகில் ஒட்டி, என் கட்டைவிரலில் ஏறிய டிரில் முனை. அன்றைக்குச் சுகிர்தத்திடம் "தூரப் போட்டுட்டியா?"ன்னு கேட்டேன். "பத்திரமான எடத்துல போட்டாச்சு, ஒமக்கென்ன?"ன்னா. முள் எதைப் பார்த்துத் திரும்பியது என்று இப்போது புரிகிறது.

ஆக, அவள் திறந்து என் பொத்தானால் மறுபடி வைத்த முத்திரை செல்லாது. தங்கள் ஊரார் முத்தமிடும் பீடத்தில் என் கட்டைவிரல் இரும்பை வைப்பது பாவம். மேற்றிராணியாரிடம் மறுமுத்திரை வாங்கலாமென்று தாங்கள் எழுதுவீர்கள். அதற்கு அந்த இரும்பை எடுக்க வேண்டும், எடுக்க விடமாட்டேன். வேலப்பன் வெறுங்கையோடுதான் வருவான், அவனுக்கு ஒரு வாய் சோறு போடவும். ஜெரினாக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பல்வலிப் பிள்ளைக்கு வேறு குணமாகிவிட்டதாம்.

காரணம் எல்லாம் தெரிந்துவிட்டது, மாமா. ஆனாலும் சற்றுமுன் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். திரும்பிச்சு.