மணிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் தங்கை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உங்கள் தங்கை என்னோடு கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். நேற்றும் முந்தாநாளும் அங்கிருந்து போன் வந்தது. ஏச்சு வாங்கத் தெம்பில்லாமல் நான் எடுக்கவில்லை. அவளைத் திருப்பி அனுப்பிவைக்கும்படி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

தப்பு முழுவதும் என்னுடையது. பதினொரு மாடிக் கட்டடத்தில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மாடி வீட்டு டீச்சரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பூமி சூரியனைச் சுற்றி மணிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றேன். "நீங்களும் கூடவே அதே வேகத்துல போறீங்கல்ல? வேகம் மாறினாத்தான் தெரியும்" என்றார். மச்சான், அது எவ்வளவு உண்மை என்று எனக்கல்லவா தெரியும்! லிஃப்ட் மேலே கிளம்பும்போது முழங்காலில் ஓர் அழுத்தம். நிற்கப்போகும்போது வயிற்றில் ஒரு லேசு. நடுவில் கண்ணை மூடிக்கொண்டால் போகிறதா நிற்கிறதா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஆனால் நான் ஓட்டிய லிஃப்ட் எதுவும் நிற்காமல் இருந்ததில்லை. அப்படியானால் இதுவும் ஒருநாள் நிற்குமே!

அன்றைக்கே கொடிக்கயிற்றை அவிழ்த்து பீரோவை ஜன்னல் கம்பியோடு கட்டினேன், ஈரத்துணி வாளியோடு நின்ற உங்கள் தங்கை துணிகளைக் கதவுகளின் மேல் காயப்போட்டாள். மறுநாள் டீச்சரம்மா சொன்னதைச் சோதிக்க ஓடும் பஸ்ஸில் வீட்டுச் சாவியை நேராக மேலே எறிந்தேன், பிசகாமல் கைக்கே வந்தது, பூரித்துப்போய், கூட வந்திருந்த அவளுக்குக் காட்ட இன்னொரு முறை எறிந்தேன், அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட, சாவி முன்னால் பாய்ந்து கண்டக்டர் பிடரியில் பட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டது, பூட்டுக்காரர் வரும்வரை இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம், அப்போதும் அவள் என்னைத் திட்டவில்லை, "தல சுத்துற மாதிரி இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கு ஒரு புருஷன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது: "சுத்துறது தல இல்ல, பூமி! யாருக்கும் தெரியாதது உனக்குத் தெரியுது!" தெருவிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து காட்டவும் செய்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம், "எப்பல்லாம் சுத்துது?" என்று கேட்டதற்கும் நான்தான் முந்திக்கொண்டு, "எப்பவுமேதான் டாக்டர், நாமதான் கவனிக்கிறதில்ல" என்றேன். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, காதில் கோளாறு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது.

எனக்குத்தான் சரியாகவில்லை. சனிக்கிழமை காலை, ஓட்டம் கொஞ்சமாவது தெரிகிறதா என்று தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவள் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வசவாகத்தான் இருக்கும் என்று நானும் கண்ணைத் திறக்காமல் தலையாட்டினேன். எழுந்து பார்த்தால் பெரிய பையைக் காணோம். எதிர்வீட்டுத் தையல்காரர்தான், "உங்க வீட்டம்மா அவங்க அண்ணன் வீட்டுக்குன்னு பஸ் ஏறினாங்க, கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சே" என்றார்.

மச்சான், முப்பத்துநான்கு வருஷம் அவள் என் கூடவே வந்தாள். நான் எழும் நேரத்துக்கு எழுந்தாள், நான் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் இளைத்தாள். ஒரே வேகத்தில் கூடவே வந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. இந்த நான்கு நாளில்தான் தெரிகிறது. பூமி நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், பீரோவை அவிழ்த்துவிட்டேன். எனக்கு அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. இனிமேல் அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்பேன் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
முழுவதும் திருந்திவிட்ட
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் அவளே வந்து நிற்கிறாள். மாற்றுத்துணி எடுத்துப் போக வந்தாளாம். கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். "கோவிச்சுக்கிட்டா? நானா? அண்ணனுக்குக் கால் முறிஞ்சிருச்சு, ஆபரேஷன், நான் கூட இருக்கணும், பத்து நாள் ஆகும்னு உங்க தலமாட்டுல நின்னு ரெண்டு தடவ சொல்லிட்டுத்தானே போனேன்?" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவளைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மச்சான், இப்போது கால் எப்படி இருக்கிறது?