லியோன் கிளை

கிளைக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. அழிந்துவரும் இனமல்ல, பெருகிவரும் இனம். பெருகுவதுதான் அவர் குணமே. தன்னிடம் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாத இடம்தான் தெரியும். சங்கம் நடத்தினால் அந்தச் சங்கம் இல்லாத நாடு அவரை உறுத்தும். ரோல்ஸ் கடை வைத்திருந்தால், கடையில் ரோல்ஸ் முடிந்து சனம் திரும்பிப் போகிற நேரத்தில், அவர் இரண்டாவது கடைக்கு இடம் பார்க்கப் போயிருப்பார். அவருடைய விசிட்டிங் காட் உங்களிடமும் ஒன்று இருக்கும்: மேலே பெயர் சின்ன எழுத்தில், கீழே நகரங்கள் பெரிய எழுத்தில்.

நான் அவர்களைத் தூர நின்று ஆராய்ந்தவன் அல்ல. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் அத்திமர வானொலி என்று ஒரு கிறிஸ்தவ வானொலி இருக்கிறது. அதில் நான் லியோன் நகரமாக இருந்தேன்.

இதை விளக்கவேண்டும். காவ் என்று நாங்கள் சொல்லும் நிலவறை ஒன்றில், மளிகைக் கடைக்குக் கீழே, வெங்காய மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், கம்பளிப் போர்வைகள் தொங்கவிட்ட மூலையில் அந்த வானொலி இயங்குகிறது. இயக்குநர் தவரத்தினம் அண்ணை. பகலில் உணவகத்தில் சமையல், மாலையில் ஊழியம். கைபேசியில் கேட்கிற இணைய வானொலி அது. ஆகவே தொடங்கிய அன்றே உலகம் முழுவதும் கேட்டது. சாதாரண மனிதருக்கு இது சந்தோஷம். கிளைக்காரருக்கோ இது பெரிய இடைஞ்சல். எல்லா இடத்திலும் கேட்கிற வானொலியை இன்னோர் இடத்துக்கு எப்படி விரிவாக்குவது? அண்ணை வழி கண்டுபிடித்தார். நகரம் நகரமாகத் திறந்தார்.

திறப்பது எப்படி என்றால், முதலில் அந்த நகரத்தைக் குறித்து அவருக்கு ஒரு பாரம் வரும். பாரம் வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, எங்களுக்கு வேலை வரும். பிறகு தரிசனம். பிறகு கேக். கேக்கின் மேல் நகரத்தின் பெயர், சுவரிலுள்ள பிரான்ஸ் வரைபடத்தில் ஒரு சிவப்பு ஊசி, நிலவறைப் படிக்குக் குறுக்கே ஒரு நாடா. அதை வெட்டி, கைதட்டி, வெங்காய மூட்டைகளைத் தாண்டி நாங்கள் மார்செய்க்குள்ளும் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குள்ளும் லியோனுக்குள்ளும் பிரவேசிப்போம்.

நேயர்கள்தான் பாக்கி. திறந்த நகரத்திலிருந்து யாராவது அழைத்துச் சாட்சி சொல்லவேண்டுமே? ஒருவரும் அழைக்கவில்லை. அதற்கு அண்ணை ‘விசுவாச அழைப்பு’ என்ற ஒன்றை ஏற்படுத்தினார். எங்களில் ஒருவர் அந்த நகரத்து நேயராக அழைத்து, நடக்கப்போவதை நடந்துவிட்டதாக வாயால் அறிக்கையிடவேண்டும், அப்படியே நடக்கும். அது பொய் இல்லையா? நானும் கேட்டேன். நடக்காததைச் சொன்னால் பொய், இது இன்னும் நடக்காதது என்றார். அந்த ‘இன்னும்’ எனக்குப் போதுமாக இருந்தது. லியோனை வாங்கிக்கொண்டேன். லியோனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பாரிசில் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது என்பதுதான்.

நிலவறைக்குள் அண்ணையின் கம்பித் தொலைபேசி தவிர வேறு போன் இழுக்காது. ஆகவே சனிக்கிழமை நேயர் நேரம் தொடங்கியதும் நாங்கள் மேலே வந்துவிடுவோம். சேலைக்கடை வாசலில் பிரான்ஸ் தேசம் வரிசையில் நிற்கும். முதலில் மார்செய் என்ற கடற்கரை நகரமான யோகராணி அக்கா. பக்கத்து நகைக்கடையில் வேலை, பிள்ளையார் கோயில் தவறாதவர், கதைக்க ஆள் கிடைத்தால் எந்தச் சமயத்திலும் கதைப்பார். பாலத்தின் மேலே மெத்ரோ ரயில் இரைந்துகொண்டு போனபோது, அண்ணை மறதியாக அது என்ன சத்தம் என்று நேரலையிலேயே கேட்டுவிட்டார்.

“கடல் அண்ணை,” என்றார் அக்கா.

அடுத்தது ஸ்ட்ராஸ்பூர்க்கான வசந்தன். அவன் அனேகமாக ரோல்ஸ் வாங்கப் போயிருப்பான். அவனுக்குப் பிறகு நான். நான் அடக்கமாகத்தான் தொடங்கினேன். லியோனில் நாலு குடும்பம் கூடி ஜெபிக்கிறோம் என்றேன். அண்ணையின் குரல் வாடிவிட்டது. அடுத்த வாரம் கூட்டினேன். சொல்லச் சொல்ல அந்தக் குடும்பங்களை எனக்கே பிடித்துப்போயிற்று. இருபது ஆனபோது அவர்களுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கலும் வைத்தேன்; இல்லாவிட்டால் தமிழர்கள் என்று யார் நம்புவார்கள்? பாரிசில் நான் கோப்பை கழுவுகிறவன். லியோனில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

போர்தோவைத் திறந்தபோது ஆள் போதவில்லை. அதையும் எனக்கே தந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை என் முறை வருவதற்குள் வேறோர் அழைப்பு உள்ளே போய்விட்டது. பெயர் மடுத்தீன், வன்னி ஆள், லியோனிலிருந்து பேசுகிறேன் என்றது குரல். நான் யோகராணி அக்காவைப் பார்த்தேன். அக்கா வசந்தனைப் பார்த்தார். வசந்தன் வாய் நிறைய ரோல்ஸோடு கையை விரித்தான். எங்களில் ஒருவரும் அழைத்துப் பேசவில்லை. அப்படியானால் அது நிஜ லியோன்.

மடுத்தீன் சுருக்கமாகச் சொன்னார். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம். ஒப்பரேசனுக்கு வரும் வியாழக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். காலையில் செய்து பின்னேரம் விட்டுவிடுவார்கள். ஆனால் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வரவேண்டும், அன்றிரவு கூட இருக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் கத்தி வைக்கமாட்டார்கள். போனமுறை தனியாகப் போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தமுறையும் தவறினால் மாதக்கணக்காகும். வலியோடு மூட்டை தூக்கமுடியாது. தூக்காவிட்டால் முதலாளி வேறு ஆள் பார்ப்பார்.

“லியோன்ல இருபது குடும்பம் இருக்கெண்டு உங்கட லியோன் அண்ணை சொல்லுறவர்,” என்றார் மடுத்தீன். “அதில எனக்கு ஒரு ஆளே காணும்.”

தவரத்தினம் அண்ணை நிதானம் இழக்கவில்லை. கர்த்தர் உங்களுக்கு லியோனில் ஆட்களை முன்னமே ஆயத்தம் பண்ணி வைத்திருக்கிறார் என்று சொல்லி, இருந்ததில் நீளமான பாட்டைப் போட்டார். பாட்டு முடிவதற்குள் நிலவறையில் கூட்டம் கூடியது. லியோன் சகோதரர் வேலை மாறிப் போர்தோவுக்குப் போய்விட்டார் என்று அறிவிக்கலாம் என்றார் அண்ணை.

“அப்ப அந்த இருபது குடும்பமும்?” என்று கேட்டார் யோகராணி அக்கா. “எல்லாரையும் ஒரே வான் வண்டியிலயோ ஏத்தினவர்?”

அண்ணை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்திய ஊசியைப் பிடுங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ போவன் தம்பி. உன்ர ஊர்தானே.”

வியாழக்கிழமை நான் ஊருக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மடுத்தீன் நின்றார். மெலிந்தவர், என்னைவிட இளையவர், கையில் மாற்றுடுப்புப் பை. லியோன் அண்ணையோ என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த ஊரில் நான் சொன்ன முதல் பொய் அது. மற்றவையெல்லாம் பாரிசில் சொன்னவை.

கூட்டிக்கொண்டு போகிறவர் யார் என்று தாதி கேட்டாள். கையை உயர்த்தினேன். அவ்வளவுதான், அவரை உள்ளே விட்டார்கள். எத்தனை கேக் வெட்டினோம், எத்தனை ஊசி குத்தினோம். தேவைப்பட்டது ஒரு கை. காத்திருக்கும் அறையில் என்னைச் சுற்றி வெறும் கதிரைகள். இருபது குடும்பத்துக்கும் தாராளமாக இடம் இருந்தது.

பின்னேரம் வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்தார். உரிய பொறுப்போடு அவருடைய கையைப் பற்றி, வாசலுக்குக் கூட்டிவந்து, வலப்பக்கம் திரும்பினேன்.

“இஞ்சாலை அண்ணை,” என்று இடப்பக்கம் இழுத்தார்.

மெத்ரோவில் எந்தத் திசை, எங்கே மாறுவது, எந்தப் பெட்டியில் ஏறினால் படி குறைவு, எல்லாம் அவர்தான் சொன்னார். மயக்கம் முழுதாகத் தெளியாத அந்த மனிதர் என்னைப் பத்திரமாகத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் சொன்னார்:

“போர்தோவிலயும் நீங்கள்தானே. அங்கை கொஞ்சம் மூக்கால கதைப்பியள்.”

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். முதலே தெரியும் என்றார். இருபது குடும்பம் இருந்தால் ஒன்றையாவது இங்கே தமிழ்க் கடையில் கண்டிருக்கமாட்டாரா? பிறகு ஏன் அழைத்தார்?

“உண்மையான ஆக்களைக் கேட்டுப் பாத்திட்டன் அண்ணை. எல்லாருக்கும் வேலை.”

அறையில் கூட இருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் கஞ்சி காய்ச்சினேன். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு வானொலியைப் போட்டார். லியோனில் ஆரம்பித்திருக்கும் மருத்துவமனை ஊழியத்தைப் பற்றித் தவரத்தினம் அண்ணை உருகிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் என்று பன்மையில் சொன்னார். என் போன் அடித்தது. நேரலை. லியோன் முதன்முறையாக லியோனிலிருந்து பேசியது.

அங்கே இப்போது எத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள் என்று அண்ணை கேட்டார். மடுத்தீன் என்னைப் பார்த்தார். கை தையல்மேல் இருந்தது.

“ரெண்டு பேர் அண்ணை,” என்றேன்.

அத்திமர வானொலியில் மௌனம் அதுவரை ஒலிபரப்பாகியதில்லை. அன்று ஒலிபரப்பாகியது. மடுத்தீன் சிரிப்பு வந்துவிடாமல் வயிற்றை இறுக்கிப் பிடித்தார். பிறகு அண்ணையின் குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை, கிளைக்காரரின் பெருமையே அதுதான். லியோனில் ஓர் ஆத்துமா சேர்க்கப்பட்டிருக்கிறது என்றார். லியோன் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிட்டது என்றார். இருபது குடும்பமும் எங்கே என்று ஒரு நேயரும் அழைத்துக் கேட்கவில்லை. அழைக்கக்கூடிய ஒரே நேயர் எனக்கு முன்னால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் வானொலி நடத்துவதில்லை, தெரியும். இதைப் புன்னகையோடுதான் வாசித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு எத்தனை நாட்டில் கிளை? இந்தப் பத்திரிகையின் பின்னட்டையில் எத்தனை நகரத்து முகவரி? இவற்றில் ஏதோ ஒன்றை நம்பி, நீங்கள் முகம் பார்த்திராத ஒருவர் ஒருநாள் அழைத்து, வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலுக்கு வரமுடியுமா என்று கேட்பார். பதறவேண்டாம். ‘பார்ப்பம்’ என்று சொல்லுங்கள்; எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு லாசப்பல் பக்கம் ஒருமுறை வாருங்கள். துலூஸ் நகரம் இன்னும் ஆளில்லாமல் இருக்கிறது.