ஆய்வாளர்களுக்கு நான் வரைந்த லயம்

கட்டடப் படம் வரையப் படித்தவன் படித்ததைத்தான் வரைவான் என்று நம்புகிறவர்கள் பரீட்சை நடத்துகிறவர்கள் மட்டுமே. கை, தான் வளர்ந்த வீட்டைத்தான் வரையும். நான் அப்படித்தான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. நுவரெலியாவில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் நான் தற்காலிகப் படவரைஞன். (தற்காலிகம் என்பது நம் நாட்டில் மிக நீண்ட காலம்.) அம்மா கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தொழிலாளருக்கான வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர்; அதில் எங்களுக்கு ஒற்றை அறை, ஒரு காம்பரா. அதன் அடுப்புப் புகை அவர் நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது. நான் நிரந்தரமானால் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அம்மாவை அழைத்து வந்துவிடலாம்.

முதலாளி சிவகுரு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இலக்கியமும் சரித்திரமும் ஆராய்கிறவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் கட்டவிருந்த நூலகம் அவரிடம் வந்தது.

“முகப்பை நான் பாக்கிறன். பின்னால ஆராய்ச்சிக்காரருக்கு அறையள் வேணும். ஒராள் உள்ளுக்க இருந்து வருஷக்கணக்கா எழுதுவார். அதை நீர் கீறும். வடிவா வந்தா உம்மை நிரந்தரமாக்கிறன்.”

உயிரைக் கொடுத்து வரைந்தேன். ஐயா பார்க்கவில்லை. அது ஏப்ரல், நுவரெலியாவில் குதிரைப் பந்தயச் சீசன்; அவர் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகக் குழுவும் நுவரெலியாவிலேயே கூடியது. (குழு எங்கே கூடலாம் என்பதற்கு விதி உண்டு, எந்தச் சீசனில் என்பதற்கு இல்லை.)

குழுவின் முன்னால்தான் ஐயா என் படத்தை முதன்முதலாக விரித்தார். இரண்டு வரிசை அறைகள், முதுகோடு முதுகு ஒட்டி. நடுவே ஒரே சுவர். அறைக்கு ஒரு கதவு. முன்னால் நீள விறாந்தை, அதையொட்டிக் கழிவுநீர் ஓட ஒரு கான். கோடியில் எல்லோருக்குமாக ஒரு தண்ணீர்க் குழாய். லயத்தைவிட அறைகளைச் சற்று அகலமாக்கியிருந்தேன். அந்தப் பெருந்தன்மையை யாராவது கவனிக்கிறார்களா என்று முகங்களைப் பார்த்தேன்.

சரித்திரப் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “இவை சாமான் அறைகளா?”

“இல்லை சேர். ஆய்வாளர்கள் இருந்து எழுதும் அறைகள்.”

“வெளிச்சம்?”

“கதவைத் திறந்தால் வரும், சேர்.”

“மழை பெய்தால்?”

“கதவைச் சாத்திக்கொள்வார்கள்.”

“பிறகு?”

“பிறகு மழை விடும்தானே, சேர்.”

பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “என் நாயைக்கூட இதில் விடமாட்டேன்.” எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்காக நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அறையின் பரப்பில் இத்தனை பங்கு ஜன்னல் இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். பரீட்சையில் அதற்கு முழுப் புள்ளி. ஆனால் அது நகர எல்லைக்குள் செல்லும் விதி. நான் பிறந்த இடத்துக்கு அது வந்ததேயில்லை.

வெளியே வந்ததும் ஐயா சொன்னார்: “பிழை என்னிலதான். நீர் எங்க பிறந்தனீர் எண்டு முதலே கேட்டிருக்க வேணும்.” அந்த மாதத்தோடு என் தற்காலிகம் முடிந்தது.

தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்படி என்னதான் இல்லைன்னாங்க?”

“ஜன்னல் இல்லைன்னாங்க.”

அம்மா திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். “இதுல எங்கிட்டு வைக்கிறது? அந்தப் பக்கம் செல்லாயி வீடுல்ல. ஜன்னல் வச்சா அவ அடுப்புதான் தெரியும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. “நல்லாத்தான்டா வரைஞ்சிருக்க. அவங்களுக்குக் குடுத்து வைக்கல.”

பிறகு எனக்கு ஒரு நகரசபையில் வேலை கிடைத்தது. அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே அம்மா அந்தக் காம்பராவிலேயே இறந்துபோனார். முதலில் அறிந்தது செல்லாயி அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் நின்றுவிட்டதாம்.

நகரசபையில் ஓய்வு பெறும்வரை ஜன்னல் குறைந்த படம் எதிலும் நான் கையெழுத்திட்டதில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்தேன் என்பது என் மனைவி விருந்தாளிகளுக்குத் தவறாமல் பரிமாறும் கதை. வாடகை வீடு பார்க்கப் போகும்போது பேரப்பிள்ளைகள் என்னைக் கூட்டிப்போவதில்லை.

“தாத்தா வந்தா சுவரத் தட்டிப் பாத்து, அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு கேப்பாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தட்டுவதை மட்டும் இன்னும் விட முடியவில்லை.