வேன் தள்ளியவர்களுக்கு இலவசம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிளாரி மக்கெர்ச்சர் அவர்களுக்கு,

டனீடனிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஆர்ச்சி சொல்லச் சொல்ல, ஹோட்டல் வரவேற்பு மேசைப் பெண் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்காலும் ஆடுகளும் நலமாயிருக்க வேண்டும்.

டனீடன் பக்கத்து அபட்ஸ்ஃபோர்டில் மலை சரிந்து வீடுகள் வழுக்கிக்கொண்டு இறங்கிய அந்தக் குளிர்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதம்தான் எங்கள் ட்ரை டாக் பாட்டுக் குழு முதல் தடவையாக ஆஸ்திரேலியாவை விட்டுக் கடல் தாண்டி உங்கள் பக்கம் வந்தது, கிளின்டன் ஊரைத் தாண்டியதும் வேன் அச்சு வரை சேற்றில் இறங்கியது, நீங்கள் ஏழு பேர் வந்து தள்ளினீர்கள், தள்ளும்போது சேற்றில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்த உங்கள் தங்கை ஐலாவைப் பார்த்து நான் கவிழ்ந்தேன். பாடகன் கெவ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "நாங்க பாடுற வரைக்கும் உங்க ஏழு குடும்பத்துக்கும் டிக்கெட்டே கிடையாது, நேரா உள்ள வாங்க"ன்னு சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்தும் போனான். டிக்கெட் பார்த்து உள்ளே விட வாசலில் நிற்கிறவன் நான். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் மறக்கவும் தெரியாது.

இப்போது வந்திருக்கும் வினையைக் கேளுங்கள். புது மேனேஜர் லியான் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெர்த்தில், பிரிஸ்பனில் விற்பனைக்குக் குறைவில்லையாம், கடல் தாண்டினால் மட்டும் வருஷா வருஷம் இறங்குகிறதாம்.

"ஆர்ச்சி, நேத்து வித்தது அறுபத்தி மூணு டிக்கெட். உள்ள இருநூறு தலை. மிச்சப் பேரு கூரையப் பிரிச்சிக்கிட்டா வந்தாங்க?"

"எல்லாம் வேன் தள்ளினவங்கம்மா."

"இருநூறு பேரா? அது வேனா, கப்பலா?"

மகன், மருமகள், பேரன், பேரனுடைய பல் டாக்டர் என்று நீங்கள் ஏழு பேரும் பெருகியதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான் மூக்கைப் பார்த்துத்தானே உள்ளே விடுகிறேன். போன தடவை உங்கள் பேத்தியோடு வந்தவனுக்கு உங்கள் வீட்டு மூக்கு இல்லை, இடுப்பிலிருந்த குழந்தைக்கு இருந்தது, மூன்று பேரையும் விட்டேன். இனி சனிக்கிழமை இன்வர்கார்கில் கச்சேரியில் டிக்கெட் விற்பனை ஏறாவிட்டால் குழு இந்தப் பக்கம் வருவதே நிற்குமாம். குழு வராவிட்டால் எண்பத்தோரு வயசில் என்னை யார் மச்சான் கூட்டி வருவார்கள்? ஐலாவின் கல்லறைக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் வருவது இந்த வண்டியில்தானே. கையைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தத் தடவை உங்கள் வீட்டு இருபத்து மூன்று பேரும் டிக்கெட் வாங்குங்கள். சீஸ் ரோலைக் காட்டி என்னை மயக்கப் பார்க்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பொடிசுகளுக்கு என் ஆசி, நாய்க்கு முதுகில் ஒரு தட்டு.

இப்படிக்கு,
உங்கள் ஆர்ச்சி

பி.கு.: உறை ஒட்டுமுன் லியான் வந்தாள். "விடு ஆர்ச்சி. கெவ் காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டாரு. சனிக்கிழமையோட சரி, இனிமே கடல் தாண்டுறதில்ல." ஆகையால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம், யாரும் டிக்கெட் வாங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசித் தடவையாவது அந்த வேன் தள்ளினவங்க லிஸ்டைத் தாள்ல எழுதுவோம், சொல்லு"ன்னாள். சொன்னேன். ரீட் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் தவறிப் போனார்கள். தபால்காரி நார்மா போனாள். ஹேமிஷ் போனான். உங்கள் அப்பா போனார். ஐலா. ஒரு பேரும் எழுதாமலே லியான் பேனாவை வைத்துவிட்டாள். "எடும்மா, இன்னும் ஒருத்தர் இருக்காரு"ன்னேன். வாசலில் நிற்பேன் மச்சான். தாளில் ஒரே பேர்தான் இருக்கிறது: கிளாரி மக்கெர்ச்சர்.